மட்டக்களப்பில் ஈஈஜி பதிவு செய்வோருக்கு ஒரு நாள் ஒன்றுகூடல்: நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மூளையின் மின் செயற்பாட்டைத் தலையின் மேற்பரப்பிலிருந்து பதிவு செய்யும் ஈஈஜி என்னும் வேலையைக் கிழக்கில் செய்பவர்களும் செய்ய விரும்புபவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. வைத்தியசாலையில் வலிப்பு நோயாளருக்குப் பதிவெடுப்பவர் ஒருபுறம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் உடற்றொழிலியல் கற்பிப்பவர் இன்னொரு புறம், ஒலுவிலில் பொறியியல் படித்துக்கொண்டு இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகச் சிறிய ஈஈஜி மின்சுற்றுப் பலகை ஒன்றை வாங்கி வைத்திருக்கும் மாணவர் மற்றொரு புறம் என அவர்கள் சிதறிக் கிடப்பார்கள். சம்மாந்துறையில் கணினி நிரல் எழுதுபவருக்குத் தரவு வேண்டும். தரவு வைத்திருப்பவருக்கு நிரல் எழுத நேரமில்லை. இவர்களை ஒரு நாள் ஒன்றாக இருத்துவது எப்படி என்பதே இவ்வழிகாட்டியின் பொருள்.

முதற்படி: எதற்காகக் கூடுகிறோம் என்பதைத் தீர்மானித்தல்

நம் பக்கத்தில் ஒன்றுகூடல் என்றவுடன் மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் தானாகவே எழுதப்பட்டுவிடும். அவ்வளவும் முடியும்போது பகல் பன்னிரண்டு மணியாகியிருக்கும். ஒரு தலையிலும் ஒரு மின்வாய் (தலைத்தோலில் ஒட்டி மூளையின் மின்னழுத்தத்தை எடுக்கும் சிறு உலோகக் கிண்ணம்) கூட ஒட்டப்பட்டிருக்காது. எனவே அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே இரண்டு காரியங்களை நிகழ்ச்சியின் நடுவில் வைத்துவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைக்க வேண்டும். ஒன்று, அனைவர் கண்முன்னும் ஒருவருடைய தலையில் மின்வாய்களை அளந்து பொருத்தி நேரடியாகப் பதிவெடுப்பது. மற்றையது, வருகிற ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள மிக மோசமான பதிவு ஒன்றைக் கொண்டுவந்து திரையில் காட்டுவது.

இரண்டாவதைக் கேட்டுப் பலர் தயங்குவார்கள். தயக்கம் இயல்பானதுதான். நல்ல பதிவுகள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வரவேண்டியதில்லை. சுவர் மின்சாரத்திலிருந்து கசியும் ஐம்பது ஹேர்ட்ஸ் (வினாடிக்கு ஐம்பது அலை) இரைச்சலில் மூழ்கிப்போன பதிவு, வியர்வையால் அலைபாய்ந்த பதிவு, மற்றவற்றை ஒப்பிட்டு அளக்க உதவும் மேற்கோள் மின்வாய் கழன்றது தெரியாமல் அரை மணி நேரம் எடுக்கப்பட்ட பதிவு ஆகியவை மட்டுமே ஒருவருடைய அறையில் நடந்த தவறை இன்னொருவருக்குக் கற்பிக்கும். ஆகவே அழைப்புக் கடிதத்திலேயே, வருபவர்கள் ஒரு கெட்ட பதிவுடன் வரவேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஏற்பாட்டாளர் தம்முடையதை முதலில் காட்டுவதாக உறுதி கூறினால் மற்றவர்களுக்குக் கூச்சம் தெளியும்.

இரண்டாம் படி: யாரை, எப்படி அழைப்பது

இருபது முதல் இருபத்தைந்து பேர் போதும். அதற்கு மேற்பட்டால் பின்வரிசையில் இருப்பவருக்கு மின்வாய் பொருத்தும் விரல்கள் தெரியாது. பதிவெடுப்பவர்கள், அப்பதிவை வாசிக்கும் வைத்தியர்கள், பதிவிலுள்ள குறிகைகளை (மின் அலைகளை) கணினியில் ஆய்பவர்கள் ஆகிய மூன்று வகையினரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு வகையினர் இல்லாவிட்டாலும் உரையாடல் நொண்டும். நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவராவது வருவதை உறுதிப்படுத்திய பின்னரே நாளைக் குறியுங்கள். அதற்கான காரணம் ஐந்தாம் படியில் வரும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் ஊழியர்களை அழைப்பதாயின் பணிப்பாளருக்கும், பல்கலைக்கழகத்தவரை அழைப்பதாயின் பீடாதிபதி ஊடாகத் துறைத்தலைவருக்கும் கடிதம் செல்ல வேண்டும். ஈஈஜி எடுப்பவரைப் ‘பதிவாளர்’ என்று மட்டும் எழுதினால் பல்கலைக்கழகத்தில் அக்கடிதம் நேரே நிருவாகக் கட்டடத்துக்குப் போய்விடும் என்பதால் ‘ஈஈஜி பதிவு செய்பவர்’ என்று விரித்து எழுதுவது நல்லது. பதிவெடுப்பவர்கள் கடமை நேரத்தில் விடுவிக்கப்பட வேண்டியவர்கள். குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை நேரில் போய்க் கேட்டால்தான் கடிதம் மேசையை விட்டு நகரும். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குவதில் தவறில்லை, ஆனால் அது அனுமதிக் கடிதத்துக்கு ஈடாகாது.

மூன்றாம் படி: நாளைக் குறித்தல்

வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீடிக்கும். வெள்ளம் வந்தால் தாழ்நிலப் பாதைகள் சில துண்டிக்கப்படும். எனவே ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் ஜனவரி முடிவுக்கும் இடையில் நாள் வைக்க வேண்டாம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் வெப்பம் கடுமையாக இருக்கும். வியர்வை ஈஈஜி பதிவின் நேரடி எதிரி. நோன்பு மாதத்தையும், மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் திருவிழா நாட்களையும், வெள்ளிக்கிழமைகளையும், போயா தினங்களையும் நாட்காட்டியில் முதலில் வெட்டிவிட்டால் மீதமுள்ள சனிக்கிழமைகள் தாமாகவே தெரியும்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்றரைக்கு முடித்துவிட வேண்டும். ஒலுவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்தவர்கள் கரையோர நெடுஞ்சாலையால் திரும்பிப் போக வேண்டியவர்கள். வந்தாறுமூலை வளாகம் நகருக்கு வடக்கே பதினாறு கிலோமீற்றர் அளவில் இருப்பதால், அம்பாறை மாவட்டத்தவரையும் அழைக்கும் கூட்டத்தை நகரிலோ கல்லடியிலோ வைப்பது இரு பக்கத்தாருக்கும் நியாயமாக இருக்கும்.

நான்காம் படி: மண்டபமும் மின்சாரமும்

இப்படியில் சற்றுக் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். தலையின் மேற்பரப்பில் நாம் அளக்கப்போகும் மின்னழுத்தம் பெரும்பாலும் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் வரையானது. இதய மின்வரைவில் வரும் குறிகையோ ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது ஆயிரம் மைக்ரோவோல்ட். சுவரில் ஓடும் மின்சாரம் 230 வோல்ட். அது வினாடிக்கு ஐம்பது முறை ஊசலாடுவதால் அறையிலுள்ள ஒவ்வொரு வயரும் நம் பதிவுக்குள் 50 ஹேர்ட்ஸ் அலையைக் கசியவிடப் பார்க்கும்.

மண்டபத்தைப் பார்க்கச் செல்லும்போது பதிவுக் கருவியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். நாங்கள் ஒருமுறை அழகான மண்டபம் ஒன்றைப் பார்த்து, கதிரைகளை எண்ணி, முற்பணமும் கட்டிவிட்டு வந்தோம். நிகழ்ச்சியன்று, தலையில் பதிவெடுக்க முன்வந்த தொண்டரை இருத்திய இடத்துக்கு நேர் பின்னால், சுவருக்குள், மாடியில் இருந்த குளிரூட்டிகளுக்குச் செல்லும் பிரதான வயர் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது ஹேர்ட்ஸ் அலை திரையை நிரப்பியது. கதிரையை நான்கு மீற்றர் முன்னால் இழுத்துப் போட்டதும் பாதி குறைந்தது. மீதிப் பாதி குறையாததற்கு வேறொரு காரணம் இருந்தது: மென்பொருளின் குறித்த மீடிறனை (வினாடிக்கு எத்தனை அலை என்பதை) மட்டும் வெட்டும் வடிகட்டி 60 ஹேர்ட்ஸில் இருந்தது. வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால், அங்கு உருவாகும் சில மென்பொருட்களின் தொடக்க அமைப்பு அப்படித்தான் இருக்கும். எங்கள் கூட்டத்தில் பொறியியலாளர் மூவர் இருந்தும் இதைக் கண்டுபிடித்தது பின்வரிசையில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

மின்விசிறி இன்னொரு சிக்கல். அதை நிறுத்தினால் தொண்டருக்கு வியர்க்கும். வியர்வை மின்வாயின் அடியில் உப்புக் கரைசலாகப் பரவி, பதிவை மெதுவாக மேலும் கீழுமாக அலையவைக்கும். அதைச் சுழலவிட்டால் அதன் மோட்டாரும் ரெகுலேற்றரும் இரைச்சலைக் கூட்டும், காற்றில் வயர்களும் ஆடும். குளிரூட்டிய சிறிய அறை கிடைத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. கிடைக்காவிட்டால் நேரடிப் பதிவை வெயில் ஏறுமுன், காலை எட்டரைக்கே வைத்துவிட்டு, உரைகளையும் கணினி அமர்வையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். பெரியவர்களின் உரையைப் பிற்பகலுக்குத் தள்ளுவது மரியாதைக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். வியர்வைக்கு மரியாதை தெரியாது என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இருக்கக் கூடாது. மனிதத் தலையுடன் இணையும் கருவி சுவர் மின்சாரம் ஆளைத் தொடாமல் காக்கும், மருத்துவப் பாவனைக்குரிய மின்தனிமைப்படுத்தல் உள்ளதாக இருக்க வேண்டும். அல்லது முழுமையாக பட்டரியில் இயங்கி, கணினிக்குக் கம்பியில்லாமல் தரவு அனுப்புவதாக இருக்க வேண்டும். மாணவர்கள் வாங்கிவரும் ஓப்பன்பிசிஐ சைட்டன் போன்ற எட்டுச் சனல் (ஒரே நேரத்தில் எட்டு இடங்களின் அலையைத் தனித்தனியாகப் பதியும்) பலகைகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கணினி தன் சொந்த பட்டரியில் இயங்கட்டும். சார்ஜர் செருகப்பட்டிருந்தால் இரைச்சலும் கூடும். மின்வெட்டு வந்தாலும் பதிவு நிற்காது என்பது இதன் உபரி நன்மை.

ஐந்தாம் படி: தொண்டரும் சம்மதமும்

செயல்முறை விளக்கத்துக்காக எடுக்கும் பதிவு ஆய்வுக்குப் பயன்படாது என்றாலும் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பதிவைப் பின்னர் ஆய்வுக்குப் பயன்படுத்தும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு பெறும் அனுமதி செல்லாது. சம்மதப் படிவம் தமிழில், தொண்டர் தாமே வாசித்து விளங்கும் நடையில் இருக்கட்டும். தோலைச் சிறிது உரசுவோம், தலையில் பசை ஒட்டும், வலிக்காது, கருவி மூளைக்குள் மின்சாரம் செலுத்தாது, எந்த நேரத்திலும் எழுந்து போகலாம் என்ற ஐந்து செய்திகளும் அதில் இருக்க வேண்டும். நான்காவது செய்தியை வாயாலும் சொல்லுங்கள். கரண்ட் வைப்பது என்ற அச்சம் ஊரில் இன்னும் இருக்கிறது.

தம் விரிவுரையாளர் கூட்டத்தில் இருக்கும்போது மாணவர் ஒருவர் ‘முடியாது’ என்று சொல்லத் துணியமாட்டார். ஆகவே அவரிடம் பரீட்சைத்தாள் திருத்தும் எவரும் அவரைத் தொண்டராகக் கேட்கக் கூடாது. வலிப்பு வரலாறு உள்ளவரைத் தொண்டராக எடுக்க வேண்டாம். வைத்தியசாலையில் வழமையாகச் செய்யும் மின்னொளித் தூண்டலையும் ஆழ்ந்த வேக மூச்சையும் கூட்டத்தில் செய்து காட்ட வேண்டாம்; அவை வலிப்பைத் தூண்டக்கூடிய சோதனைகள், வைத்தியர் மேற்பார்வையில் நோயாளரிடம் செய்வதற்கு உரியவை.

நரம்பியல் நிபுணர் ஏன் வேண்டும் என்பதற்கு இங்கே வருகிறோம். நலமாக உள்ளவர் ஒருவருடைய பதிவிலும் கூர்மையான அலை ஒன்று எதிர்பாராமல் தோன்றலாம். அவற்றுட் பல தீங்கற்ற இயல்பு வேறுபாடுகள். அவற்றை வலிப்பின் அடையாளம் என்று தவறாக வாசிப்பது உலகெங்கும் நடக்கிற பிழை. திரையைப் பார்த்து ஒருவர் ‘இது ஸ்பைக் (வலிப்பைக் காட்டும் கூரலை) அல்லவா’ என்று உரக்கக் கேட்டுவிட்டால், அந்தச் சொல் தொண்டருடன் வீடுவரை போகும், கலியாணப் பேச்சு வரைக்கும் போகும். ஆகவே தொண்டரின் பதிவைப் பற்றி மண்டபத்தில் எவரும் நோய்சார்ந்த கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியைக் காலையிலேயே அறிவியுங்கள். ஐயம் எழுந்தால் நிபுணர் தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் தொண்டருடன் தனியாகப் பேசுவார்.

இனி, யாரைத் தெரிவு செய்வது? வசதிக்காக எல்லோரும் தலைமுடி குட்டையாக வெட்டிய இளைஞனையே இருத்துவார்கள். அவன் தலையில் யாரும் பொருத்திவிடலாம். நம் பகுதியில் பதிவெடுக்க வரும் பெண்களுக்கோ பெரும்பாலும் அடர்ந்த நீண்ட கூந்தல், அதில் தேங்காய் எண்ணெய். கற்க வேண்டிய தலை அதுதான். எனவே தொண்டர் இருவரில் ஒருவரேனும் நீண்ட கூந்தலுள்ள பெண்ணாக இருக்கட்டும். முதல் நாளிரவு சம்போ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பூச்சூடாமல் வருமாறு அவரிடம் சொல்லுங்கள். தலையை மறைத்து ஆடை அணியும் பெண் விரும்பி முன்வந்தால், திரையிட்ட பகுதியில் பெண்களே மின்வாய் பொருத்தி, பதிவு மட்டும் வெளியே திரையில் தெரியும்படி ஏற்பாடு செய்வது கடினமான காரியமல்ல. நோயாளருக்கும் அதே ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்பதை அங்கு வந்திருப்பவர்கள் அப்போது கண்ணால் காண்பார்கள்.

ஆறாம் படி: நேரடிப் பதிவு

இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் முக்கால் மணி நேரம் அளவு நாடாவுக்கே போகும், போகட்டும்.

மின்வாய்களின் இடங்களைக் குறிக்க 1958இல் ஹேர்பேர்ட் ஜஸ்பர் வெளியிட்ட பத்து–இருபது முறையே இன்றும் வழக்கில் உள்ளது. மூக்கின் வேரிலுள்ள பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரை, உச்சியின் மேலாக நாடாவை வைத்து அளக்க வேண்டும். முப்பத்தாறு சென்ரிமீற்றர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து வீதம் 3.6, மூக்குப் பள்ளத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் நெற்றியில் முதற்புள்ளி. பின்னர் இருபது வீதமாகிய 7.2 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு போனால், உச்சிப் புள்ளியாகிய சீ இசட் சரியாகப் பதினெட்டாவது சென்ரிமீற்றரில் விழும். அடுத்து ஒரு காதின் முன் குழியிலிருந்து மற்றக் காதின் முன் குழி வரை அதே உச்சிப் புள்ளியூடாக அளக்கவேண்டும். உச்சிப் புள்ளி அந்த அளவின் பாதியில் விழாவிட்டால், முதல் கோடு ஒருபக்கம் சாய்ந்துவிட்டது என்று பொருள். அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். வந்திருப்பவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் தலையில் மற்றவர் அளந்து பார்த்தால் நல்லது. மின்வாய்த் தொப்பி வைத்திருப்பவர்கள் இதைத் தேவையற்ற வேலை என்பார்கள். தொப்பியை முன்னுக்கு ஒரு விரலளவு இழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதை அளந்து பழகியவர்தான் கண்டுபிடிப்பார்.

பொருத்துபவரின் கைகளைக் கெமரா ஒன்றின் மூலம் பெரிய திரையில் காட்டுங்கள். பஞ்சு முனைக் குச்சியின் வால்பக்கத்தால் கூந்தலைப் பிரித்து வகிடு எடுக்க வேண்டும். தோல் வெள்ளையாகத் தெரியும் வரை முடியை ஒதுக்கிப் பிடித்தபடி, தேய்க்கும் பசையைப் பஞ்சில் தொட்டு மெதுவாக உரச வேண்டும். சிவக்கும் வரை உரசுவது திறமை அல்ல, தொற்றுக்கு வழி. பிறகு கடத்தும் பசையைக் கிண்ண மின்வாயில் மேடாக நிரப்பி, அழுத்தி, மேலே சிறு பஞ்சு அல்லது கோஸ் துணி வைத்து மூடவேண்டும். பசை அதிகமாகிப் பக்கத்து மின்வாயின் பசையைத் தொட்டுவிட்டால் இரண்டும் மின்னியல் ரீதியாக ஒரே மின்வாயாகிவிடும். திரையில் அவ்விரு சனல்களும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அலையைக் காட்டும். இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டலாம்.

மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான மின்தடையாகிய தொடுகைத் தடை ஒவ்வொரு மின்வாயிலும் ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே வருவது பழைய நல்ல இலக்கு. சிறு குறிகையைப் பெரிதாக்கும் இன்றைய விரியலாக்கிகள் பத்து வரை தாங்கும். தனித்தனி அளவை விட எல்லாம் ஒத்த அளவில் இருப்பது முக்கியம். எண்ணெய் வைத்த இடத்திலும் வைக்காத இடத்திலும் ஒரே மின்வாயை வைத்துத் தடையின் அளவைப் பார்க்கச் சொன்னால், பத்துப் பக்க விரிவுரை மிச்சம்.

இப்போது பதிவைத் தொடங்குங்கள். வடிகட்டிகளின் தாழ் எல்லை 0.5 ஹேர்ட்ஸ், மேல் எல்லை 70 ஹேர்ட்ஸ், ஒரு திரையில் பத்து வினாடி என்று வையுங்கள். 50 ஹேர்ட்ஸ் வெட்டும் வடிகட்டியை முதல் ஐந்து நிமிடம் போடாதீர்கள். இரைச்சல் ஒரே சனலில் இருந்தால் அந்த மின்வாயின் ஒட்டல் சரியில்லை. எல்லாச் சனல்களிலும் இருந்தால் புவித்தொடுப்பு மின்வாயையோ மேற்கோள் மின்வாயையோ பாருங்கள். அவையும் நன்றாக இருந்தால் அறையைப் பாருங்கள். வயர்களைப் பின்னல் போல ஒன்றாக முறுக்கிவிடுவது மட்டுமே வியக்கத்தக்க அளவு உதவும். வடிகட்டியை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தப் பாடம் நடக்காது.

இரைச்சல் அடங்கிய பின் தொண்டரைக் கண்சிமிட்டச் சொல்லுங்கள். கண்ணின் முன்பக்கம் பின்பக்கத்தை விட நேரேற்றமுடையது. இமை மூடும்போது கண்விழி மேல்நோக்கிச் சுழலுவதால் நெற்றிச் சனல்களில் பெரிய சரிவு தோன்றும். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். பொட்டுப் பக்கச் சனல்கள் தூரிகையால் பூசியது போலக் கறுத்துவிடும். இந்த இரண்டையும் அடையாளம் காணத் தெரியாதவரிடம் எந்த ஆய்வு முடிவையும் நம்பிக் கேட்க முடியாது.

கடைசியாகக் கண்களை மூடி அமைதியாக இருக்கச் சொல்லி, மண்டபத்தையும் அமைதியாக்குங்கள். சில வினாடிகளில் பிடரிப் பக்கச் சனல்களாகிய ஓ1, ஓ2 ஆகியவற்றில் வினாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரையான அல்பா அலைகள் எழும். கண்ணைத் திறந்ததும் அடங்கும். ஜேர்மனியின் ஜேனா நகரில் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவெடுத்து, 1929இல் தான் அதைப் பற்றி எழுதத் துணிந்த ஹான்ஸ் பேர்கர் கண்டதும் இதைத்தான். அவருடைய முடிவைப் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் உடற்றொழிலியலாளர்களான ஏட்ரியனும் மெத்யூஸும் அதே சோதனையைச் செய்து காட்டிய பின்னரே ஏற்றார்கள். சிலருக்கு அல்பா மிகவும் பலவீனமாகவே இருக்கும், அது நோயல்ல. மானம் போகாமலிருக்க, முதல் நாளே தொண்டரின் அல்பாவைச் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கெட்ட பதிவுகளின் அமர்வு

ஒருவருக்கு ஏழு நிமிடம். மூன்று நிமிடம் பதிவைக் காட்டலாம், ஆனால் என்ன பிழை என்று சொல்லக் கூடாது. சபை ஊகிக்க வேண்டும். மிகுதி நேரம் விவாதம். பதிவெடுப்பவர்கள் இதில் பேராசிரியர்களை வெல்வார்கள், அதற்கு இடம் விடுங்கள்.

நோயாளரின் பதிவைக் கொண்டுவருவதற்குக் கடுமையான நிபந்தனை உண்டு. வைத்தியசாலையின் அனுமதி வேண்டும், அடையாளம் முழுமையாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகைத் தரவாகவே பார்க்கிறது. கோப்பின் பெயரை ‘நோயாளர் 1’ என்று மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈஈஜி பதிவுகளைச் சேமிக்கும் பொது வடிவமாகிய ஈடிஎஃப் கோப்பின் தலைப்பில், முதல் எட்டு எழுத்துகளுக்கு அடுத்த எண்பது எழுத்துகள் நோயாளரின் விபரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளியே பெயரை மாற்றினாலும் உள்ளே பெயரும் பிறந்த திகதியும் அப்படியே இருக்கும். மென்பொருளில் திறந்த மறுகணம் திரையின் மேல்மூலையில் அவை தெரியும். ஆகவே ஏற்பாட்டாளர் ஒருவர் காலையிலேயே எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்து, தலைப்பை வெறுமையாக்கிய பின்னரே திரைக்கு அனுமதிக்க வேண்டும். முகம் தெரியும் வீடியோவுக்கு இடமே இல்லை.

எட்டாம் படி: கணினி அமர்வு

மதிய உணவுக்குப் பின் தூக்கம் வரும் நேரம் இது. எனவே கேட்பதை விடச் செய்வதாக இருக்கட்டும். ஈஈஜிலாப் என்னும் ஈஈஜி ஆய்வு மென்பொருள் புகழ்பெற்றதுதான், ஆனால் வழமையாக மட்லாப் என்னும் கணிப்பு மென்பொருளின் மேல் இயங்குவது; மட்லாபுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே வேலையைச் செய்யும் எம்என்ஈ-பைத்தன் இலவசமானது, மாணவரின் சாதாரண மடிக்கணினியில் இயங்கும். நிரல் எழுதாதவர்கள் ஈடிஎஃப்பிரவுசரில் பதிவைத் திறந்து பார்க்கலாம்.

மண்டபத்தின் வைஃபையை நம்பி இருபது பேரைப் பதிவிறக்கச் சொல்ல வேண்டாம். மென்பொருளையும் தரவையும் பென்டிரைவ் நான்கில் ஏற்றிக்கொண்டு போங்கள். தரவுக்கு, ஃபிசியோநெட் தளத்தில் எவரும் பெறக்கூடியதாக உள்ள இயக்கம் மற்றும் இயக்கக் கற்பனைத் தொகுதியை (உடலை அசைத்தபோதும் அசைப்பதாகக் கற்பனை செய்தபோதும் எடுத்த பதிவுகள்) பரிந்துரைக்கிறேன். அதில் 109 தொண்டர்களின் 64 சனல் பதிவுகள், வினாடிக்கு 160 மாதிரிகள் வீதம், ஈடிஎஃப் வடிவத்தில் உள்ளன. முழுவதும் வேண்டாம், ஒருவருடைய முதல் இரண்டு பதிவுகளே போதும். முதலாவது கண் திறந்து ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடி ஒரு நிமிடம். எந்த மீடிறனில் எவ்வளவு வலு உள்ளது என்று காட்டும் இரண்டின் மீடிறன் வரைபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, பிடரிச் சனல்களில் பத்து ஹேர்ட்ஸ் அருகே மேடு எழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் எடுத்த நம் பதிவையும் அதே போல வரைந்து பக்கத்தில் வையுங்கள். நம்முடையதில் இரைச்சல் ஊசி 50இல் நிற்கும்; அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அவர்களுடையதில் 60இல் தேடுங்கள். வினாடிக்கு 160 மாதிரி என்றால் அதன் பாதியாகிய 80 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் காண இயலாது என்பதையும் வரைபின் வலது ஓரத்தைக் காட்டியே விளக்கலாம். கலந்துபோன அலைகளைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் சுயாதீனக் கூறுப் பகுப்பாய்வு பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். எட்டுச் சனல் பலகையிலிருந்து எட்டுக் கூறுகளுக்கு மேல் பிரிக்க முடியாது என்பதால், மாணவர்கள் அதன் மேல் வைக்கும் நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி.

ஒன்பதாம் படி: மொழியும் உணவும்

பேச்சு தமிழில் நடக்கட்டும். கருவியில் எழுதியிருக்கும் சொற்களை அப்படியே சொல்லலாம். நம் பாடப்புத்தகங்களில் மீடிறன் என்பது தமிழகத்து நூல்களில் அதிர்வெண். இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கும் மாணவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மின்வாய், வீச்சம், விரியலாக்கி முதலிய முப்பது சொற்கள் கொண்ட ஒற்றைத் தாளைக் கதிரைகளில் வைத்துவிடுங்கள். சிங்களம் பேசும் சகாக்கள் அம்பாறை நகரிலிருந்து வந்தால் பக்கத்தில் ஒருவரை அமர்த்தி மொழிபெயர்க்கச் செய்யலாம். உணவு எல்லோரும் உண்ணக்கூடியதாக, ஹலால் கோழியும் மரக்கறியும் எனத் தனித்தனிப் பார்சல்களாக இருந்தால் போதும். பசை தொட்ட கையோடு யாரும் வடை எடுக்காமல் இருக்கச் சவர்க்காரமும் தண்ணீரும் வாசலிலேயே இருக்க வேண்டும்.

பத்தாம் படி: கூட்டம் முடிந்த பின்

மின்வாய்களை அன்றே கழுவ வேண்டும். பசை காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டிவரும், சுரண்டினால் வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டுப் பூச்சு போய்விடும். இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, உற்பத்தியாளர் கூறும் கிருமிநீக்கியில் கழுவி, வெயில் படாத இடத்தில் கொடியில் தொங்கவிடுங்கள். வயர் மேலே, கிண்ணம் கீழே தொங்கினால் தண்ணீர் இணைப்புக்குள் இறங்காது.

தொண்டரின் தலையிலுள்ள பசையைக் கழுவ வெந்நீரும், தலை உலர்த்த ஒரு தனியறையும் தேவை. இதை மறந்த கூட்டத்துக்கு அடுத்த முறை தொண்டர் கிடைக்கமாட்டார். சம்மதப் படிவங்களை உறையிலிட்டு, பூட்டும் அலுமாரியுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். பதிவுக் கோப்பை வைத்திருப்பவர் வேறொருவராக இருக்கட்டும்.

ஒரு கிழமைக்குள் அனைவருக்கும் ஒரு பக்கப் பதிவுக் குறிப்புத் தாளை அனுப்புங்கள். பதிவெடுத்த நேரம், மின்விசிறி ஓடியதா, கூந்தலில் எண்ணெய் இருந்ததா, ஒவ்வொரு மின்வாயின் தொடுகைத் தடை, எந்த வடிகட்டி எந்த எண்ணில், எது மேற்கோள் மின்வாய் என்பவற்றுக்கு அதில் இடம் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் எடுத்த பதிவும் ஒலுவிலில் எடுத்த பதிவும் ஒரே தாளில் நிரப்பப்பட்டிருந்தால் மட்டுமே இரண்டையும் ஒப்பிட முடியும். நிரப்பிய தாள்களை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதோடு இன்னொரு கெட்ட பதிவையும்.